கடைசி வாங்கில் யார் இருப்பது?

எங்கள் தேவாலயத்தில் முதல் வாங்குக்கு மட்டும் மெத்தை இருந்தது. சிவப்பு வெல்வெட். மாதர் சங்கத்துப் பெண்கள் இரண்டு மாதம் கூடியிருந்து தைத்தது. வாங்கு என்றால் முதுகு வைத்த நீள மரப் பெஞ்சு. தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தொடரைப் படித்துக் கடிதம் போடும் இரண்டு வாசகர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அந்த மெத்தையை நோக்கித்தான் அன்றைக்கு நான் எஸ்தரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கண்டி மழை அப்போதுதான் விட்டிருந்தது. மடக்கி வைத்த குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டி வாசல் சீமெந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அவளுடைய இரண்டு சின்னப் பெண்களும் ஒரே துணியில் தைத்த சட்டை போட்டு, தேங்காயெண்ணெய் மணக்க மணக்க இரட்டைப் பின்னல் போட்டிருந்தார்கள்.

வாசலிலேயே அவள் தயங்கினாள். கடைசி வாங்கைக் காட்டி, "நாங்க இங்கனயே ஒக்காந்துக்கிறோம் டீச்சர்" என்றாள்.

நான் விடுவேனா? புதிதாக வந்தவர்களை முன்னால் இருத்துவது எங்கள் சபையின் வழக்கம். அதை நிறைவேற்றுவது என் பொறுப்பு. நூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருக்க, நடுவழியால் நடத்திக்கொண்டுபோய் மெத்தையில் இருத்திவிட்டு, வெற்றி வீராங்கனையைப் போலத் திரும்பி வந்தேன். பாட்டுத் தொடங்கியதும் பஸ் சத்தம் உள்ளே வராதபடி பெரிய கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டேன். அதுவும் என் ஏற்பாடுதான். அதற்காக என்னைப் பாராட்டியவர்கள் உண்டு.

பாதிப் பிரசங்கத்தில் எஸ்தர் எழுந்துவிட்டாள். இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள். நடுவழியால் கிட்டத்தட்ட ஓடிவந்து தாழ்ப்பாளை இழுத்தாள். பழைய இரும்புத் தாழ்ப்பாள், பழகியவர்களுக்குத்தான் திறக்கும். நான் போய்த் திறந்துவிட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனாள். வீதிக்கு அந்தப் பக்கம் மதகுத் திண்டில் இருந்த ஒரு ஆள் எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்து வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டான்.

அவன் அவளுடைய புருஷன் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. பெண்சாதியையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு மதகில் குந்தியிருக்கிற மனிதன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் அவனைப் பற்றி நான் சொன்ன சொற்களை இங்கே எழுதப் போவதில்லை. இவர், அதாவது என் கணவர், "ஆளைத் தெரியாமல் ஏன் வாயை விடுகிறாய்" என்றார். தபால் கந்தோரில் வேலை பார்ப்பவர், எதையும் உடைக்காமல் முகவரியை மட்டும் பார்த்துப் பழகியவர். நான் அப்படியில்லை.

வளர்ந்த சபை, நிற்காத ஆட்கள்

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். எங்கள் சபையில் அதுவரை பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்தவர்கள். கந்தோர், வங்கி, பள்ளிக்கூடம் என்று உத்தியோகத்துக்கு வந்து கண்டிக் குளிருக்குப் பழகிப்போனவர்கள். நானும் அதில் ஒருத்தி. கலவரத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் வடக்கே போய்விட்டன. சில கடல் கடந்தன. மிஞ்சிய நாங்கள் இருபது முப்பது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பாடப்போகிறோம் என்றுதான் நினைத்தோம்.

நடந்தது வேறு. பன்வில, ஹுன்னஸ்கிரிய, கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் நகரத்துக்கு வந்தார்கள். நாலு தமிழ்க் குடும்பம் இருக்கும் தெருவில் ஓர் அறை கிடைத்தால் போதும் என்று வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் எப்போதும் புதுமுகம். பாட்டுப் புத்தகம் போதாமல் மூன்று பேருக்கு ஒன்றென்று பிடித்துக்கொண்டு பாடினோம்.

ஆனால் ஒரு சிக்கல். வந்தவர்கள் இரண்டு ஞாயிறு வருவார்கள், மூன்றாவது ஞாயிறு காணாமல் போவார்கள். எங்கள் ஐயருக்கு இதனால் நித்திரையே இல்லை. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மலைநாட்டுக்காரர், மெலிந்த மனிதர், கோபமே வராது. "சபை வளருது டீச்சர், ஆனா வர்றவங்க நிக்கிறாங்க இல்ல" என்று என்னிடம் வந்து நின்றார். உங்களுக்குத்தான் வாய் இருக்கிறது, வாசலைப் பொறுப்பெடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வாய் இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வாசல் என் ராச்சியம். சிரிப்பது, பெயர் கேட்பது, கையைப் பிடிப்பது, முன்னால் இருத்துவது, ஆராதனை முடிந்ததும் பிளேன்டீயும் பட்டர் கேக்கும் கொடுப்பது. இவ்வளவு செய்தும் ஆட்கள் நிற்கவில்லை என்றால் கேக்கில்தான் பிழை என்று சீனியைக் கூட்டிப் பார்த்தேன்.

மெத்தைக்கு முன்னால் பாய்

முன்வாங்கு வழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அழகான கதையில்லை.

நான் கல்யாணம் முடித்துக் கண்டிக்கு வருவதற்கும் முன்பு, தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் தேவாலயத்தின் பின்பக்கம், தரையில், பாயில்தான் இருப்பார்களாம். இப்படித்தான் இருக்க வேண்டுமென்று யாரும் சட்டம் போடவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த நாளில் இருந்த ஒரு ஐயர், ஒரு ஞாயிறு, பாடுவதற்கு முன் இறங்கி வந்து பாய்களைச் சுருட்டி வெளியே போட்டிருக்கிறார். பாயிலிருந்த ஒரு கிழவனைக் கைப்பிடித்து முதல் வாங்கில் கொண்டுபோய் இருத்தியிருக்கிறார். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாங்கு.

யாழ்ப்பாணத்துப் பெருமக்கள் எதிர்க்கவில்லை. காரணம், முதல் வாங்கு யாருக்கும் வேண்டாம். ஐயரின் கண் நேரே விழும் இடம். கொட்டாவி விட முடியாது. எல்லாரும் ஆசைப்படுவது கடைசி மூன்று வாங்குகளுக்குத்தான்.

ஏனென்றால் காசிம் நானாவின் இறைச்சிக்கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல ஆட்டிறைச்சி பத்தரை மணிக்குள் முடிந்துவிடும். ஆசீர்வாதம் சொல்லி முடித்த கையோடு வெளியே பாய்ந்தால்தான் தொடை கிடைக்கும். முன்னால் இருந்தவர்களுக்கு எலும்புதான். என் வீட்டு வாங்கும் பின்னாலிருந்து மூன்றாவது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் கடைசி வாங்கில், கதவோரத்து மூலை, துரைசிங்கத்தாரின் இடம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய குரல், பெரிய மீசை. முதல் ஆளாக வருவார், அந்த மூலையில் இருப்பார், ஒருவருக்கும் இடம் விடமாட்டார். பாடும்போதுகூடப் பாதி உடம்பு வாசல் பக்கம் திரும்பியிருக்கும். தொடை இறைச்சிக்கு இவ்வளவு ஆசையா என்று நாங்கள் சிரிப்போம்.

கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு கேக்

இரண்டு ஞாயிறாக எஸ்தர் வரவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அரைக் கேக்கைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டை பஸ் ஏறினேன். பாசத்தில் போகவில்லை. என் வரவேற்பில் என்ன குறை என்று அவள் வாயால் கேட்க வேண்டும் என்ற வீம்பில் போனேன்.

பாலம் தாண்டி, ஒரு மரக்காலைக்குப் பின்னால் வரிசையாக இருந்த அறைகளில் ஒன்று. அறுத்த பலகையின் வாசம் அறைக்குள்ளும் இருந்தது. எஸ்தர் பதறிப்போய் வீட்டிலிருந்த ஒரே கதிரையை எனக்குத் துடைத்துப் போட்டாள். மதகுக்காரன், அவன் பெயர் மனுவேல், முற்றத்தில் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததுமே என் வீம்பு கொஞ்சம் இறங்கியது.

எஸ்தர் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். பிறகு, வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

அவர்கள் முன்பிருந்த தோட்டத்தில் தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு ஒன்று இருந்தது. கலவரம் தொடங்கிய பிறகும் அங்கே கூடியிருக்கிறார்கள். நடுப்பகலில், எல்லாரும் ஜெபத்தில் இருக்கும்போது ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"பின்னால இருந்தவங்க கதவால ஓடிட்டாங்க டீச்சர். நாங்க முன்னுக்கு. எங்களுக்கு முன்னால செவுருதான். கண்ண மூடியிருந்ததால அவங்க உள்ள வந்ததே தெரியல."

மனுவேல் பிள்ளைகள் இரண்டையும் ஜன்னலால் வெளியே போட்டு, அவளையும் தள்ளிவிட்டு, கடைசியாகத் தான் ஏறும்போது காலில் அடித்துவிட்டார்கள். அவளுடைய அம்மா ஜன்னலுக்கு வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து சிங்கள லொறி டிரைவர் ஒருவர் அவர்களைத் தேயிலைச் சாக்குகளுக்குள் ஒளித்து நகரத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து மனுவேல் எந்தக் கூட்டத்துக்குள்ளும் வருவதில்லை. வெளியே இருந்து பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்க் கும்பிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவான். மதகிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெரிய கதவைத்தான். அதைத்தான் நான் அவன் முகத்துக்கு நேரே சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

"எனக்கு ஒரு ஆசைதான் டீச்சர்" என்றாள் எஸ்தர். "முன்ன மாதிரிக் கண்ண மூடி ஜெபம் பண்ணணும். மூடினா ஒடம்பு நடுங்குது. கதவுகிட்ட ஒக்காந்தா முடியுமோன்னு தோணுது. கடைசி வாங்கு கெடைக்குமா?"

திரும்பி வரும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். வெட்கத்தில் இருக்க முடியவில்லை. எத்தனை பேரை இப்படிக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு முதுகு காட்ட வைத்திருப்பேன்! மூன்றாவது ஞாயிறு வராமல் போன ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது.

இதை எழுதலாமா என்று போன மாதம் எஸ்தரிடமே கேட்டேன். இப்போது அவள் பேரப்பிள்ளைகள் கண்ட பாட்டி. "எழுதுங்க டீச்சர், பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

நான் கெட்ட பெயர் வாங்கிய கூட்டம்

அந்தக் கிழமையே சபைக் கமிட்டி கூடியது. புதிதாக வருகிறவர்களுக்குக் கடைசி மூன்று வாங்குகளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன். ஏன் என்று சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் என்று சொல்லாமல் இப்படி ஒரு யோசனையைச் சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. தானியேலுக்கு உறைத்தது. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் பிறந்து, படித்து ஆசிரியனான பிள்ளை. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன். என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவன் முகம் கறுத்துப்போனது.

"மறுபடியும் எங்காளுகளப் பின்னால தள்ளப் போறீங்களா டீச்சர்?" என்றான். அக்கா போய் டீச்சர் வந்துவிட்டது. "பாயையும் எடுத்து வச்சிருக்கீங்களா?"

ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், அவன் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பான். நாக்கு நுனிவரை வந்தது. எஸ்தர் கதிரையைத் துடைத்துப் போட்டது ஞாபகம் வந்ததும் விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடியிருந்த சந்தர்ப்பங்கள் மிகச் சில. அதில் இதுதான் கஷ்டமானது.

கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டுமே. அந்த நேரம் பார்த்துத் துரைசிங்கத்தார் வாயைத் திறந்தார். யாரை எங்கே இருத்தினாலும் தனக்குச் சம்மதம், தன் மூலையை மட்டும் கேட்க வேண்டாம் என்றார்.

"பயப்படாதேங்கோ, காசிம் நானாட்டைச் சொல்லி உங்களுக்குத் தொடையிலை ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லுறன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். துரைசிங்கத்தார் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்தது எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் ஐயர் ஒரு வழி சொன்னார். இனி யாரையும் யாரும் கைப்பிடித்து இருத்த வேண்டாம். எங்கே இருக்க விருப்பம் என்று கேட்பது, அவ்வளவுதான். பழைய ஆட்கள் முன்னாலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால் வருகிறவர்களுக்கு எல்லா இடத்திலும் இடம் இருக்கும். கதவைச் சாத்துவதில்லை, பஸ் சத்தத்துக்கு மேலே தான் சத்தமாகப் பிரசங்கம் பண்ணிக்கொள்வதாகச் சொன்னார். ஒரு மாதம் பார்ப்போம் என்று முடித்தார்.

தானியேல் அரை மனதோடு தலையாட்டினான். என்னோடு பல மாதம் அவன் பேசவில்லை. ஆசிரியர் அறையில் சோக்குப் பெட்டியைக்கூட மற்றவர் கையில் கொடுத்துத்தான் எனக்கு அனுப்புவான். பொறுத்துக்கொண்டேன், வேறென்ன செய்வது?

எலும்பு தின்ற ஞாயிறுகள்

சொன்னது நான். ஆகவே முதலில் இடம் பெயர வேண்டியதும் நான். அடுத்த ஞாயிறு என் கணவரைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சிவப்பு மெத்தையில் இருத்தினேன். நாற்பது வயதில் பள்ளிக்கூடத்து முன் வரிசைக்குப் போட்டுவிட்ட பையனைப் போல அவர் நெளிந்தார். ஐயர் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டித் தலையாட்டி அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. அன்று எங்கள் வீட்டில் எலும்புக் குழம்பு.

வெட்கப்பட்டோ, எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ, ஒவ்வொரு குடும்பமாக முன்னே நகர்ந்தது. மூன்றாவது ஞாயிறு பின்வாங்குகளில் நல்ல இடைவெளி விழுந்திருந்தது. துரைசிங்கத்தார் மட்டும் அசையவில்லை. கதவோரத்து மூலையில் நங்கூரம் போட்டதுபோல இருந்தார். எஸ்தர் வேண்டுமென்று கேட்ட இடமும் அதுதான்.

கதவு திறந்திருக்கிறது, ஒருமுறை வந்து பார் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த மூன்றாவது ஞாயிறு வந்தாள். மனுவேல் வழக்கம்போல மதகில். நான் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், பழக்க தோஷத்தில் யார் கையையாவது பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டேன்.

வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பீடத்தைப் பார்ப்பார்கள். அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கடைசி வாங்கின் மூலையையும், அதில் இருந்த பெரிய மீசையையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போகத்தான் பிள்ளைகளின் கையைப் பிடித்தாள்.

துரைசிங்கத்தார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. இந்த மனிதர் தன் பெரிய குரலில் ஏதாவது சொல்லப்போகிறார், இவள் இனி இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று நினைத்தேன்.

அவர் எழுந்தார். குடையையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நகர்ந்து, கதவோரத்து மூலையைக் காலியாக்கினார். பிள்ளைகளை முதலில் உள்ளே விட்டார். அவள் இருக்கும்வரை நின்றார். பிறகு பக்கத்தில் இருந்து, அவருக்கு இவ்வளவு மெல்லப் பேசத் தெரியும் என்று நான் அதுவரை அறியாத குரலில் சொன்னார்.

"நீ கண்ணை மூடிக் கும்பிடு பிள்ளை. கதவை நான் பாக்கிறன்."

அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் அவரைத் தேடிப் பிடித்து, கமிட்டியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றும் கேட்டேன். அவள் தாழ்ப்பாளைப் பார்த்த விதத்திலேயே தெரிந்ததாம். தான் இளந்தாரியாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், முந்தின ஒரு கலவரத்தில், சின்ன ஸ்டேசன் ஒன்றின் பார்சல் அறைக்குள் இரண்டு நாள் அடைபட்டுக் கிடந்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு கதவுக்கு முதுகு காட்டி எங்கும் இருந்ததில்லையாம். அந்த மூலையிலும் தான் கண்ணை மூடி ஜெபித்ததே கிடையாது என்றார். இறைச்சி அவர் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. மனைவிக்குப் பிடிக்காதாம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டுத் தொடங்கிவிட்டது என்று முன்னால் ஓடிப்போய் இவர் பக்கத்தில் இருந்தேன். ஐயர் ஜெபிக்கத் தொடங்கினார். எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். ஜெப நேரத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளின் தலையைத் திருப்பி வைத்தவள் நான். அன்று என்னால் முடியவில்லை, திரும்பிப் பார்த்தேன்.

சபை முழுவதும் கண்மூடியிருந்தது. துரைசிங்கத்தார் மட்டும் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் எஸ்தர் கண்ணை மூடியிருந்தாள்.